ஓடைக்கரையில் இறங்கிய லோடு

2021 அக்டோபர் கடைசி வாரம் எங்கள் தென்னந்தோப்பில் செப்டிக் டேங்க் லாரி மூன்று லோடு கொட்டிவிட்டுப் போனது. யாரும் திருட்டுத்தனமாகக் கொட்டவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் நிலம். ஒன்றரை ஏக்கர் தென்னை, இரண்டு ஏக்கர் மா. தோப்பின் கீழ்ப்பக்கம் ஓர் ஓடை. வருடத்தில் பாதிக்கு மேல் அதில் மணலும் முள்ளுச்செடியும்தான் இருக்கும். மழை பிடித்தால் இரண்டு நாள் முழங்கால் அளவு ஓடி, நேராகப் போய்த் தென்பெண்ணையில் விழும். ஓடைக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் கழனியும் கிணறும்.

லாரி ஓட்டிவந்த தம்பி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “அண்ணா, நாலாயிரம் லிட்டர் வண்டி. நீங்க காசு ஒண்ணும் தர வேணாம். கொட்டிக்க இடம் விட்டா போதும். போன வருசம் கொட்டின தோப்புல காய் எப்படி இருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க.” போய்ப் பார்த்தேன். மட்டை கரும்பச்சையாக இருந்தது, குலையும் நன்றாக இருந்தது. அந்த வருடம் குப்பை எரு ஒரு டிராக்டர் வாங்குவதற்கே கையைக் கடித்தது. சரி, கொட்டு என்று சொல்லிவிட்டேன்.

மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி எடுத்திருந்தேன். முதல் லோடு பாத்திக்குள் நின்றது. இரண்டாவது லோடில் பாத்தி நிரம்பியது. மூன்றாவது லோடு வரப்பு ஓரமாகச் சரிவில் இறங்கிப் பரவியது. கருப்பாக, மெழுகு பூசியது போலத் தரையில் படிந்தது. பத்து நாளில் காய்ந்துவிடும், அப்புறம் ஏர் ஓட்டி மூடிவிடலாம் என்பது என் கணக்கு.

ஏழாவது நாள் மழை பிடித்தது. அந்த நவம்பர் எப்படிப்பட்ட மழை என்று தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். விடிந்து போய்ப் பார்த்தபோது தோப்புத் தரை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சரிவில் இருந்த கருப்பு முழுக்க ஓடைக்குப் போயிருந்தது. நாலு நாள் கழித்துப் பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஏந்தம்பி, மேல என்னா கொட்டுன? கெணறு நாத்தம் அடிக்குது.”

அவர் சண்டை போட வரவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர் வீட்டில் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் மஞ்சளாகிப் போன பிள்ளைகளை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பார்க்கலாம். அதனால் மேல்ஊற்றுத் தண்ணீர் இனிப்பாக இருக்கும் பழைய திறந்த கிணறு என்றால் அது ஒரு சொத்து. அந்தச் சொத்தில் நான் கை வைத்துவிட்டேன். கிணற்றை இறைத்தோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், மறுபடி இறைத்தோம். பிறகு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கிருமி இருக்கிறது, குடிக்க உகந்ததல்ல என்று வந்தது. நைட்ரேட்டும் குடிநீருக்கான அளவாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. நைட்ரேட்டுக்கு என் லோடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. சுற்றிலும் எல்லோரும் வருடக்கணக்கில் போட்ட யூரியாவுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் அந்த நாற்றம் என்னுடையது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த நாலு வருடத்தில் படித்ததையும், லாரிக்காரர்களிடமும் பக்கத்து விவசாயிகளிடமும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதக் கழிவை நிலத்துக்குக் கொண்டுபோவதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. அப்பா காலத்தில் கோடையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு ஆடு, இத்தனை நாள் என்று பேசி, தானியமாகக் கூலி கொடுப்பார்கள். நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கிற பழக்கம்தான் அது. ஊர்களிலும் அப்படித்தான். இன்று நகராட்சி குப்பை கொட்டும் இடத்தை நம் ஆட்கள் “உரக்கிடங்கு” என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் ஊர்க் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, மக்கவைத்து, உரமாக விவசாயிகளுக்கு விற்றார்கள். பெயர் மிஞ்சியது, மக்கவைக்கும் வேலை போய்விட்டது. அந்த நடுவேலைதான் முக்கியமான வேலை. குழியில் ஒரு வருடம் கிடக்க வேண்டியதை இன்று தொட்டியிலிருந்து உறிஞ்சி, அரை மணி நேரத்தில் மரத்தடிக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

அந்த நாலாயிரம் லிட்டரில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செப்டிக் டேங்க் கசடில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். காயவைத்தால் ஒரு லோடுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது கிலோ வரை மிஞ்சும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், லிட்டருக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம் என்று அமெரிக்கக் கையேடுகளில் போடுகிறார்கள். வீட்டுக்கு வீடு, தொட்டிக்குத் தொட்டி இது மாறும். இருந்தாலும் அதை வைத்துப் பார்த்தால் ஒரு லோடில் இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் ஐந்து கிலோ. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு விலைக்கு, ஐந்து கிலோ யூரியா முப்பது ரூபாய். மூன்று லோடுக்குத் தொண்ணூறு ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மட்டை பச்சையானது எப்படி என்று கேட்பீர்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்), மக்கும் பொருள், காய்கிற காலத்தில் கிடைத்த நாலாயிரம் லிட்டர் ஈரம், எல்லாம் சேர்ந்துதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலனில் பெரும்பகுதி, கசடு நிலத்தில் தங்கினால்தான் கிடைக்கும். எங்கள் பக்கத்து மண் செம்மண்ணும் சரளையும். இரண்டு மூன்று அடிக்குக் கீழே பாறை. ஈரக் கசடின் நுண்ணிய துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. மேலே ஒரு தோல் மாதிரி படிகிறது. அதன்மேல் விழும் மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிறது. ஓடுகிற தண்ணீர் மணிச்சத்தை மண்ணோடு சேர்த்து ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. உள்ளே இறங்குகிற கொஞ்சம், நைட்ரேட்டாகிப் பாறை வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. என் தோப்பில் இரண்டும் நடந்தது.

ஆற்றில் இந்தச் சத்துகள் செய்வது வேறு. வயலில் பயிரை வளர்ப்பது போலவே தண்ணீரில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அவை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும்.

இதைப் பேசினால் எங்கள் ஊரில் உடனே ஓசூர்ப் பக்கத்து கெலவரப்பள்ளி அணையைச் சொல்வார்கள். “மேல இருந்து பெங்களூரே வருது, உன் மூணு லோடுதான் ஆத்தைக் கெடுத்துதா?” என்று ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணையில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் வந்து கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்து எரிந்ததை நாடே பார்த்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் சாலை உயரத்துக்கு வெள்ளை நுரை எழும்புகிறது. சோப்புத்தூள், ஆலைக் கழிவு, சுத்திகரிக்காத சாக்கடை எல்லாம் அதில் இருக்கிறது. அதற்காக கர்நாடகத்தைக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம்.

ஆனால் கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று ஆறு போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் நம் நிலம்தான். வழியில் சேர்கிற ஓடைகள் நம்முடையவை. ஆடிப் பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தத்தில் தலை முழுகுகிற கூட்டத்தில் என் குடும்பமும் இருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும்போது, மேலே எத்தனை தோப்பில் எத்தனை லோடு இறங்கியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்கிறார்கள். புழு முட்டை கண்ணுக்குத் தெரியாது.

புழு முட்டை பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றில் வளரும் உருண்டைப்புழுவின் முட்டைக்கு ஓடு கெட்டி. வெயிலில் மேற்பரப்பு காய்ந்தாலும் மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 20 டிகிரிக்கு மேலான வெப்பம் உள்ள இடங்களில் காய்ந்த கசடை ஒரு வருடத்துக்கு மேல் சேமித்து வைத்த பிறகே பயன்படுத்தச் சொல்கிறது. நம் ஊர் அந்த வெப்பத்தில் வரும். ஒரு வருடம் என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை, காத்திருப்பது மட்டும்தான். இந்த லாரிகள் தென்னந்தோப்போடு நின்றுவிடுவதும் இல்லை. தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் நட்ட நிலத்தில் லோடு இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். தக்காளி மண்ணில் சாய்ந்து கிடக்கும் காய். கொத்தமல்லியைப் பச்சையாகவே தூவிச் சாப்பிடுகிறோம்.

இதுவரை சொன்னது வீட்டுத் தொட்டிக் கசடு. நகரங்களில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அடியில் படிகிற கசடு இன்னொரு வகை. ஓசூர் போன்ற தொழில் ஊரில் பட்டறை, முலாம் பூசும் இடம், பேட்டரி வேலை என்று எல்லாவற்றின் கழிவும் சாக்கடையில் ஒரு சொட்டு சேர்ந்தால், காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் அந்தக் கசடில் போய் உட்கார்ந்துவிடும். கிருமியை வெயிலும் காலமும் கொல்லும். காட்மியத்தை எதுவும் கொல்லாது. மக்கவைத்தால் கசடின் எடை குறையும், உலோகத்தின் எடை குறையாது. அதனால் கிலோவுக்கு உலோகம் கூடத்தான் செய்யும். மக்கவைத்துவிட்டேன், பாதுகாப்பாகிவிட்டது என்று இந்த வகைக் கசடைச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நம்மிடம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்கு அளவுகள் போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, பாதரசம் 0.15 மில்லிகிராம் தாண்டக்கூடாது. மூட்டையில் அடைத்து உரம் என்று விற்றால் இந்த அளவு பார்ப்பார்கள். என் தோப்புக்கு வந்தது மூட்டையில் வரவில்லை, யாரும் விற்கவும் இல்லை. இலவசமாக வந்ததால் எந்த அளவும் அதைத் தொடவில்லை.

லாரிப் பக்கமும் விதிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2014-இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அப்புறம் லாரிக்கு உரிமம், ஜி.பி.எஸ். என்று வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கக்கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எல்லாம் தேவையான விதிகள். ஆனால் இவை லாரியைப் பார்க்கின்றன, தொட்டியைப் பார்க்கின்றன. லாரி போன பிறகு நிலத்தில் நடப்பதை யாரும் கேட்பதில்லை. எந்த சர்வே எண்ணில் இறங்கியது, ஓடைக்கு எத்தனை அடி, எந்த மாதம், என்ன பயிர் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அன்று யாராவது கேட்டிருந்தால் மூன்றாவது லோடாவது இறங்கியிருக்காது.

வெளிநாடுகளில் நிலத்தைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1993-இல் வந்த விதிப்படி ஆற்றுக்கோ ஓடைக்கோ 10 மீட்டருக்குள் கசடு போடக்கூடாது. கிருமி முழுதாகப் போகாத இரண்டாம் தரக் கசடு போட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் காயை 14 மாதம் கழித்துத்தான் அறுக்கலாம். கிழங்கு என்றால் சில நிலைகளில் 38 மாதம். ஐரோப்பாவில் 1986 முதலே, பச்சையாகச் சாப்பிடுகிற காய்க்கு அறுவடைக்கு முன் 10 மாத இடைவெளி கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்து விவசாயத்தில் கசடு போடுவதையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் தடை செய்தது. காரணம், பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள்கள். ஒட்டாத வாணலி, மழை ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை இவற்றில் இருப்பவை. மக்கவே மக்காது. பல வருடங்களுக்கு முன் கசடு போட்ட நிலத்தின் புல்லைத் தின்ற மாட்டின் பாலில் அது வந்து நின்றது. அந்தப் பால் பண்ணைக்காரர்களும் என்னைப் போல நல்ல உரம் என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

அவர்களுடைய 10 மீட்டரை இங்கே அப்படியே எடுத்து வைத்தால் போதாது என்பது என் எண்ணம். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்த வேனும் காரும் சாலையில் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். அந்த வேகத்துக்கு 10 மீட்டர் புல்வரப்பு என்ன செய்யும்? ஓடை, ஏரி, கிணறு எதுவானாலும் ஐம்பது மீட்டர் விட வேண்டும், சரிவான நிலம் என்றால் போடவே கூடாது. ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடிய எந்த நிலத்திலும் லோடு இறங்கக்கூடாது. ஈரக் கசடு நிலத்துக்கு வரவே கூடாது. காயவைத்து, ஒரு வருடம் கிடந்து, அப்புறம்தான் வர வேண்டும். அதுவும் தென்னை, மா, சவுக்கு போன்ற மரங்களுக்கு மட்டும். தக்காளி, கீரை, கேரட் பக்கம் போகவே கூடாது. தொழிற்சாலை உள்ள நகரத்தின் சுத்திகரிப்புக் கசடு என்றால் உலோகச் சோதனைச் சீட்டு இல்லாமல் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது.

பதிவுக்குப் புதிதாக ஒரு துறையைத் தேட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அதில் எழுதுகிறார்கள். பக்கத்தில் ஒரு கட்டம் கூடப் போட்டு, கசடு இறங்கிய தேதியும் லோடும் எழுதினால் போதும். பத்து வருடம் கழித்து அந்த நிலத்தை வாங்குகிறவருக்கும், பக்கத்தில் கிணறு வெட்டுகிறவருக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்.

இப்படி எல்லாக் கதவையும் சாத்தினால் லாரி எங்கே போகும் என்று அந்த டிரைவர் தம்பியிடமே கேட்டேன். “வாங்கிக்க ஒரு இடம் இருந்து, பக்கத்துல இருந்தா, நான் ஏண்ணா தோப்பு தோப்பா கெஞ்சிக்கிட்டு நிக்கறேன்? டீசலுக்கே பாதி காசு போயிடுது” என்றார். அவரோடு வந்த உதவியாள் வெறும் கையால் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். கையுறை போடு என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி, நானே இலவசமாக வாங்கியவன். தோப்பு கிடைக்காவிட்டால் ராத்திரியில் நேராக ஓடையிலேயே திறந்துவிடுவார்கள் என்பது உண்மை. அது இன்னும் மோசம். அதனால் நிலத்துக்கு விதி போடுகிற அன்றே, வண்டி எட்டுகிற தூரத்தில் கசடு வாங்கிக்கொள்ளும் நிலையமும் இருந்தாக வேண்டும்.

அது நடக்காத காரியம் இல்லை. பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2015-இல் இருந்து கசடு சுத்திகரிப்பு நிலையம் நடக்கிறது. சாக்கடைக் குழாயே இல்லாத ஊருக்கு, லாரியில் வரும் கசடுக்காகவே கட்டியது. கசடைப் படுகையில் காயவைத்து, ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அது நம் பழைய உரக்கிடங்கு வேலைதான். தமிழ்நாட்டிலும் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. தொட்டியைப் பத்துப் பதினைந்து வருடம் விட்டு, பொங்கி வழியும்போது மட்டும் லாரியைத் தேடும் நம் வீட்டுப் பழக்கமும் மாற வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை முறைவைத்து எடுத்தால் நிலையத்துக்கும் வேலை சீராக இருக்கும், லாரிக்கும் வருமானம் சீராக வரும்.

என் தோப்பில் அதற்குப் பிறகு லோடு இறங்கவில்லை. தேங்காய் மட்டையையும் ஓலையையும் பாத்தியில் போட்டு மூடுகிறேன், மாட்டு எரு கிடைத்த அளவு வைக்கிறேன். ஓடைக்கரையோரம் வெட்டிவேர் வரிசையாக நட்டிருக்கிறேன். காய் கொஞ்சம் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் தண்ணீர் பற்றிப் பேசுவார்கள் என்பதால் அன்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். மழை மாதத்தில் லோடு வேண்டாம், ஈரக் கசடு வேண்டாம், காய்கறி நிலத்தில் வேண்டாம், ஓடையிலிருந்து ஐம்பது மீட்டர். முதல் மூன்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஐம்பது மீட்டருக்கு ஓடையோரம் ஒடுங்கலான நிலம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் எழுந்தார். “அம்பது மீட்டர்னா என் கொல்லை முழுக்கப் போயிடுமே, எனக்கு வேற எருவுக்கு யார் காசு குடுப்பாங்க?” அவர் கேட்டது சரி. அவரைப் போன்றவர்களுக்கு நிலையத்தில் மக்கிய உரத்தை முதல் உரிமையாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அப்படி ஒரு நிலையம் எங்கள் பக்கத்தில் வர வேண்டும் என்று அதற்கு மேலே இன்னொரு வரியும் சேர்த்தோம். தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அது என்ன ஆயிற்று என்று கேட்பேன்.

பெரியம்மா அன்று வந்து கையெழுத்துப் போட்டார். கிணற்றை இரண்டு முறை தூர்வாரிக் கொடுத்திருக்கிறேன், இப்போது நாற்றம் இல்லை. ஆனால் அவர் அந்தத் தண்ணீரைச் செடிக்கும் மாட்டுக்கும்தான் எடுக்கிறார். குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறார். குழாயில் தண்ணீர் வராத நாளில் வண்டியில் இரண்டு கேன் வைத்துக் கொண்டுபோய் அவர் திண்ணையில் இறக்கிவிட்டு வருகிறேன்.